சுண்டுவிரல் மரம்

மணிக்கட்டை ஏதோ சில்லென்று கவ்வியதில் அவளுக்கு விழிப்புத் தட்டியது. ஞாயிற்றுக்கிழமை மதியத் தூக்கம். ஜன்னல் திரை காற்றில் உப்பி உப்பி அடங்கிக்கொண்டிருந்தது, சமையலறைக் குழாய் வழக்கம்போலச் சொட்டிக்கொண்டிருந்தது, அறை முழுக்க அப்போதுதான் சீவிய பச்சைக் கம்பின் கசப்பு வாசனை. கண்ணைத் திறந்தால், கட்டில் ஓரத்தில் கணவர் குந்தியிருந்தார். கையில் காலிப்பர். கன்றுகளின் தண்டு எவ்வளவு பருத்திருக்கிறது என்று அளப்பதற்காக எந்நேரமும் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிவாரே, அந்த இரும்புக் கவ்வி. அதன் இரண்டு தாடைகளுக்கும் நடுவில் அவளுடைய மணிக்கட்டு இருந்தது.

"என்னங்க பண்றீங்க?"

"சும்மாதான். கொஞ்சம் பூசினாப்ல இருந்துச்சு, பார்த்தேன்."

"குண்டாயிட்டேன்னு சொல்றதுக்கு இரும்பு வெச்சு அளக்கணுமாக்கும்? வாயால சொன்னாப் பத்தாதா?"

அவர் சிரித்தார். அவளும் சிரித்தாள். ஆனால் எழுந்து போகும்போது, தாடைகள் நகர்ந்துவிடாதபடி கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டே அவர் போனதை அவள் கவனித்தாள். வயலில் அளவு கலையாமல் கொண்டுபோய்க் குறித்துக்கொள்ள அவர் அப்படித்தான் பிடிப்பார். பெண்டாட்டியின் மணிக்கட்டு அளவை இவ்வளவு பத்திரமாக எங்கே எடுத்துப்போகிறார் இந்த மனிதர் என்று நினைத்தபடியே அவள் மறுபடியும் கண்ணயர்ந்துவிட்டாள்.

இரண்டு பேருக்கும் ஒரே இடத்தில்தான் வேலை. ஊருக்கு வெளியே, ஆற்றங்கரையை ஒட்டிய மர ஆராய்ச்சி நிலையம். அங்கே வளர்ப்பதெல்லாம் வில்லோ. கிரிக்கெட் மட்டை செய்கிற மரத்துக்குத் தூரத்துச் சொந்தம். ஆனால் இது மட்டைக்கில்லை, விறகுக்கு. சீக்கிரம் வளர வேண்டும், நோய் தாங்க வேண்டும், வெட்ட வெட்டத் தழைய வேண்டும். அப்படி ஒரு கலப்பினம் கிடைத்துவிடாதா என்றுதான் வருடக்கணக்காக எல்லோரும் அங்கே மண்ணோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். ஆண் மரத்தையும் பெண் மரத்தையும் இணைத்து விதை எடுப்பது அவள் பொறுப்பு. முளைத்து வருவதில் எது தேறும், எது தேறாது என்று மதிப்பிடுவது அவர் பொறுப்பு. தேறியதற்கு நீல நாடா கட்டுவார், தேறாததற்குச் சிவப்பு. அவள் பெற்றுக் கொடுக்கிறாள், அவர் மார்க் போடுகிறார் என்று நிலையத்தில் கேலி பேசுவார்கள். அவர் போட்டதெல்லாம் பெரும்பாலும் சிவப்புதான். ஊருக்கு ஊர் நட்டுப் பார்த்த அவருடைய நீல நாடாக் கன்றுகள் ஒவ்வொன்றும் இரண்டாம் வருடமே வாடிப்போயின. அந்தச் சோகம் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் மூன்றாவது ஆளாக உட்கார்ந்து அவர்களோடு சாப்பிட்டது.

நான்கு குளிர்காலத்துக்கு முன்னால்தான் அது நடந்தது. பசுமைக்குடிலில் வாளித் தண்ணீரில் நிறுத்திய கிளைகள் பூத்திருந்தன. வால் மாதிரித் தொங்கும் பெண் பூங்கதிரில் தூரிகையால் மகரந்தம் தடவி, பையால் மூடிக் கட்டுவாள். தடவுவதற்கு முன் ஒவ்வொரு கதிரையும் வாயருகே பிடித்து, ஒட்டியிருக்கும் தூசு பறக்கட்டும் என்று மெல்ல ஊதுவாள். ஃபூ. அது அவளுடைய கைப்பழக்கம், யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. ஒவ்வொரு தடவையும் ஒரு கிளைக்கு மட்டும் மகரந்தமே வைக்காமல் பை கட்டுவார்கள். அது காய்க்கவே கூடாது. காய்த்தால் எங்கிருந்தோ மகரந்தம் கசிந்திருக்கிறது என்று அர்த்தம்; அந்தத் தடவை போட்டதெல்லாம் குப்பைக்குத்தான்.

அந்த வருடம் அந்தப் பை பஞ்சு வெடித்து உப்பி நின்றது.

தூக்கிப் போட்டிருக்க வேண்டும். போடவில்லை. மற்ற கிளைகளை எல்லாம் எறிந்தவள், இதை மட்டும் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். அந்தக் கிளையை ஒரு தூசு தீண்டியிருக்க வழியில்லை. பை கட்டியது அவள், முடிச்சுப் போட்டது அவள். அதன்மேல் பட்டது அவள் மூச்சு ஒன்றுதான். சரி, என்னதான் வருகிறது பார்ப்போமே என்று ஒரு தட்டில் விதைத்தாள். ஒன்றே ஒன்று பிழைத்தது. அதன் நுனி நேராக வளராமல் இடப்பக்கம் கொக்கிபோல மடங்கியிருந்தது. அவளுடைய இடது சுண்டுவிரலும் பிறவியிலிருந்தே அப்படித்தான். கம்புகளைச் சாண் சாணாக நறுக்கிப் போத்து போடும் வேலை பார்க்கிற பெண்மணியை எல்லோரும் கத்தரி அக்கா என்பார்கள். அவர்தான் முதலில் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"ஏம்மா, உன் சுண்டுவிரலை அப்படியே உரிச்சு வெச்சிருக்கு இது!"

பெயர் ஒட்டிக்கொண்டது. சுண்டுவிரல் மரம். கணவரும் சிரித்துக்கொண்டேதான் நீல நாடா கட்டினார்.

முதல் வருடம் முடிந்ததும் வில்லோக் கன்றைத் தரையோடு வெட்டிவிடுவார்கள். அடிக்கட்டையிலிருந்து ஒன்றுக்கு நாலாகக் கம்பு கிளம்பும். வெட்டிய கம்பை நறுக்கி மண்ணில் செருகினால் ஒவ்வொரு துண்டும் அதே மரம். பிள்ளை இல்லை, நகல் இல்லை, அதேதான். அந்தக் குளிர்காலத்தில், சுண்டுவிரலை வெட்டிய வாரம், அவள் படுத்த படுக்கையானாள். கணுக்கால் இரண்டும் ரம்பம் போட்டதுபோல விண்விண்ணென்று தெறித்தன, முடி கொத்துக் கொத்தாகக் கையோடு வந்தது. டாக்டர் எல்லாப் பரிசோதனையும் எடுத்துப் பார்த்துவிட்டு, ஒன்றுமில்லை, நன்றாகச் சாப்பிடுங்கள் என்றார். வசந்தத்தில் எழுந்து உட்கார்ந்தாள். முடி முன்னைவிட இரண்டு மடங்காக வளர்ந்தது. அடுத்த குளிர்காலத்தில் திரும்பவும் படுக்கை, அடுத்த வசந்தத்தில் திரும்பவும் முடி. "என்னதான் தேய்க்கிறீங்க, எங்களுக்கும் சொல்லுங்களேன்" என்று அக்கம்பக்கத்தில் கேட்டார்கள். கணவர் ஒவ்வொரு குளிருக்கும் கஞ்சி வைத்துக் கொடுத்தார், கால் பிடித்துவிட்டார், ஒரு முகச்சுளிப்பு இல்லை. இப்படி ஒரு மனிதர் கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று அவள் மனம் நெகிழ்ந்தாள்.

மணிக்கட்டை அளந்த அதே கோடையில்தான் துரு நோய்ச் சோதனை. எந்த மரம் தாங்குகிறது என்று பார்ப்பதற்காக வேண்டுமென்றே நோயைத் தெளித்து, இலையில் ஆரஞ்சுப் பொட்டுகள் எவ்வளவு வருகின்றன என்று பார்த்து மார்க் போடுவார்கள். பூஜ்யம் என்றால் சுத்தம், ஐந்து என்றால் போயிற்று. ஒரு மாலை அவள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது முன்னங்கையில் அரிப்பு எடுத்தது. பார்த்தால் தோலுக்கு அடியில் சின்னச் சின்ன ஆரஞ்சுப் பொட்டுகள். தேய்த்தால் விரலில் பொடி ஒட்டியது.

"ஏங்க, இங்க பாருங்களேன்."

அவர் வந்தார். அவள் கையைப் பிடித்து விளக்குக்குக் கீழே கொண்டுபோனார். இப்படித் திருப்பினார், அப்படித் திருப்பினார், பின்பக்கம் பார்த்தார். இலையைப் பார்ப்பது போலவே.

"ரெண்டு," என்றார்.

குழாய் சொட்டியது. அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "ரெண்டு நாள்ல சரியாப் போயிடும்னேன். வெயில் கொப்புளம்."

அன்று அவளுக்குத் தூக்கம் வரவில்லை. கணுக்கால், முடி, கொக்கி நுனி, பொட்டு. ஒவ்வொன்றாக எடுத்துக் கோத்துப் பார்த்தாள். கோத்த பிறகு பார்க்கவே பயமாக இருந்தது. காலையில் காபியை அவர் முன்னால் வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"ஒண்ணு சொன்னா சிரிக்கக் கூடாது."

சொன்னாள். ஒன்றுவிடாமல் சொன்னாள். அவர் சிரித்திருக்க வேண்டும். உனக்கு என்ன பைத்தியமா என்று கேட்டிருக்க வேண்டும், நெற்றியில் கைவைத்துக் காய்ச்சல் பார்த்திருக்க வேண்டும். எந்தப் புருஷனும் அதைத்தான் செய்வான். அவர் காபியை ஒரு பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு நிதானமாகக் கேட்டார்:

"வலி வெட்டின அன்னிக்கே வருமா, மறுநாளா?"

ஊர் உலகத்தில் யாரும் நம்பாததை இவராவது நம்பினாரே என்று அவள் அழுதுவிட்டாள். அந்த அழுகையை நினைத்தால் பின்னாளில் அவளுக்கே தன்மேல் ஆத்திரம் வரும்.

"நீ முக்கியமா, மரம் முக்கியமா?" அவர் அவள் தலையைத் தடவிக் கொடுத்தார். "நாளைக்கே எல்லாத்தையும் பிடுங்கிக் கொளுத்திடறேன். அந்தப் பாத்திப் பக்கம் மட்டும் நீ போகாத. மனசு கெட்டுப் போகும்."

அவருக்கு அது எவ்வளவு பெரிய இழப்பு என்று அவளுக்குத் தெரியும். வாழ்நாளில் தேறிய ஒரே நீல நாடா. அதையே எனக்காக விட்டுக் கொடுக்கிறார் என்று நினைக்கையில் கல்யாணமான புதிதில்கூட இல்லாத பிரியம் அவர்மேல் பொங்கியது.

மறுநாள் பொழுது சாயும் நேரத்தில் நிலையத்துக்குப் பின்னால் நெருப்பு மூட்டினார். அவள் வேலியோரம் நின்றாள், உடம்பெல்லாம் எரியப்போகிறது என்று பல்லைக் கடித்துக்கொண்டு. கட்டுக் கட்டாக வில்லோக் கம்பு உள்ளே போயிற்று. ஒவ்வொரு கட்டிலும் நீல நாடா. அது சுருண்டு உருகும் பிளாஸ்டிக் நாற்றம் மூக்கில் ஏறியது. பச்சைப்பட்டை வெடித்தது. நீர் சீறியது. அவளுக்கு ஒன்றுமே ஆகவில்லை. ஒரு சூடுகூட இல்லை.

"பாத்தியா?" என்றார் அவர், முகமெல்லாம் கரியோடு. "எல்லாம் உன் மனசுதான்."

பாரம் இறங்கிய மாதிரி இருந்தது. அந்த இலையுதிர் காலம் முழுக்க அவள் பறந்துகொண்டிருந்தாள். கடிகாரப் பட்டையைக் கடைசித் துளைக்கு மாற்ற வேண்டியிருந்தது. நகம் வெட்டிய கையோடு வளர்ந்தது. பின்னல் கிளிப்புக்குள் அடங்கவில்லை. நிம்மதியில் உடம்பு தேறுகிறது என்றுதான் நினைத்தாள். சில நாள் விடியலில் மட்டும், காரணமே இல்லாமல், தான் ரொம்பப் பெரிய இடத்தில் நிற்பதாகத் தோன்றும். கால் வெகுதூரத்துக்குப் பரவியிருப்பதுபோல, ஈரமண் சில்லென்று விரலிடுக்கில் ஏறுவதுபோல. போர்வையை இழுத்துப் போர்த்திக்கொள்வாள்.

குளிர்காலம் இறங்கிய பிறகு ஒரு காலையில், கணவர் வழக்கத்தைவிடச் சீக்கிரம் கிளம்பிப் போய்விட்டார். அவள் நிலையத்துக்கு வந்தபோது ஒரே மூடுபனி. கொட்டகையில் விளக்குப் போட்டுக்கொண்டு கத்தரி அக்கா கத்தரிகளைச் சாணை பிடித்துக்கொண்டிருந்தார். ஒன்றல்ல, வரிசையாக.

"என்னக்கா, கடை விரிச்சிருக்கீங்க?"

"பின்ன? நாளையிலேர்ந்து நிமிர முடியாது. ஆத்துக்கு அந்தாண்ட அறுவடை எந்திரம் வந்திருக்கே. உன் சுண்டுவிரல் மரத்துக்குத்தான்."

"அதைத்தான் கொளுத்தியாச்சேக்கா."

அக்கா சாணையை நிறுத்தினார். "கொளுத்தினது செவப்பு நாடா போட்டதும்மா. தேறாத கட்டு. அதுக்கு நீல நாடா மாத்திக் கட்டுங்கன்னு உங்க வீட்டுக்காரருதான் சொன்னாரு. மேலிடத்துக்குப் போட்டோ அனுப்பணும்னாரு. உனக்குத் தெரியும்னு இல்ல நெனச்சேன்?"

கொட்டகைத் தகரத்திலிருந்து பனி சொட்டியது.

"அந்தாண்ட எவ்வளவு இருக்குக்கா?"

"கண்ணுக்கு எட்டின தூரம் அதுதான். வருஷா வருஷம் வெட்டினதைப் பூராவும் போத்தாக்கி அங்கதானே நட்டாரு. ஒண்ணுகூடப் பட்டுப்போகல, பாரேன்! வேர் பிடிக்கட்டும்னு இன்னும் கத்தியே படாம விட்ட வயல். இன்னிக்குத்தான் மொத வெட்டு." அக்கா பெருமையாகச் சொல்லிக்கொண்டே போனவர், அவள் முகத்தைப் பார்த்து எழுந்தார். "என்னம்மா? உக்காரு. ஏம்மா!"

அவள் ஓடிக்கொண்டிருந்தாள்.

இங்கே ஒரே ஒரு வரிசையை வெட்டினதற்கே மாதக்கணக்கில் படுக்கை. வயல் முழுக்க வெட்டினால்? ஓடிக்கொண்டே போனை எடுத்து அவருக்கு அடித்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது. பாலத்துப் பலகைகள் பனியில் வழுக்கின. பாதிப் பாலத்தில் அவளுக்கு உறைத்தது. நெருப்பு ஏன் சுடவில்லை? எரிந்தது அவள் இல்லையே, அதனால். சுடாது என்று அவருக்கு முன்பே தெரியும். அவள் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் உண்மை என்று நம்பியதால்தான், மனசார நம்பியதால்தான், எரிக்காமல் விட்டிருக்கிறார். காலைப் பிடித்துவிட்டதெல்லாம்? எங்கே வலிக்கிறது என்று தெரிந்துகொள்ளத்தான்.

அவர் என்ன அவர். இனி அவன்.

பாலத்துக்கு அப்பால் பனி தரையோடு படுத்திருந்தது. அதிலிருந்து கம்புகள் எழுந்து நின்றன. இலையில்லாத, வழுவழுப்பான, அவளைவிட இரண்டு மடங்கு உயரக் கம்புகள், வரிசைக்குப் பின் வரிசையாக, பார்வை போகிற மட்டும். ஒவ்வொரு நுனியும் இடப்பக்கம் மடங்கியிருந்தது. கொக்கி கொக்கியாக. காற்றே இல்லை. ஆனாலும் வரிசைக்குள் அவள் கால் வைத்ததும் எங்கிருந்தோ ஒரு சத்தம் கிளம்பியது. மெல்ல. பதனமாக. ஒரு பூவில் தூசு தட்டுகிற மாதிரி.

ஃபூ.

அவள் நின்றாள். சத்தம் நின்றது. அவள் மூச்சை இழுத்தாள். வயலும் இழுத்தது.

அப்போது பனிக்குள் ஒரு போன் மணி அடித்தது. அவள் கையிலிருந்த போனிலும் அதே அழைப்பு ஓடிக்கொண்டிருந்தது. மணி அடித்த திசையில் மங்கலாக ஒரு உருவம், தோளின் அந்தச் சாய்வு, அந்தத் தொப்பி. உருவம் சட்டைப்பையில் கைவிட்டது. எடுத்துப் பார்த்தது.

மணி நின்றது. அவன்தான் துண்டித்தான்.

"என்னங்க!" அவள் கத்தினாள். "நிறுத்தச் சொல்லுங்க! நான் உள்ள இருக்கேன்!"

வாயிலிருந்து காற்று மட்டும்தான் வந்தது. வயல் முழுக்க அதைத் திருப்பிச் சொன்னது.

தூரத்தில் எந்திரம் உறுமியது. மஞ்சள் விளக்கு ஒன்று பனிக்குள் எரிந்தது. டீசல் நாற்றம். பற்சக்கரம் சுழலும் சத்தம் மெலிதாகத் தொடங்கி, உச்சத்துக்கு ஏறி, அங்கேயே நின்றது.

முதல் வரிசை சாய்ந்தது.

அவள் கால் இரண்டும் ஒரே நேரத்தில் இல்லாமல் போயின. அப்படித்தான் தோன்றியது. பார்த்தால் இருந்தன. ஆனால் நிற்கவில்லை. மண்ணில் விழுந்தாள். பின்னல் அவிழ்ந்து, அவிழ்ந்த முடி அப்படியே தலையை விட்டு நழுவிப் பக்கத்தில் கிடந்தது. வாயில் பச்சைக் கம்பின் கசப்பு.

காலடிச் சத்தம். ஓடி வருகிற காலடி. அவன்தான். பார்த்துவிட்டான். மனசு மாறிவிட்டான். இத்தனை வருடக் கல்யாணம் சும்மாவா? அவள் கையை நீட்டினாள்.

அவன் மண்டியிட்டான். அவள் பாதத்தைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டான், கஞ்சி வைத்துக் கொடுத்த நாட்களில் வைத்துக்கொண்ட அதே பக்குவத்தோடு. அவன் கண்ணில் நீர் இருந்தது. பொய்யான நீர் இல்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

"கொஞ்சம் பொறுத்துக்கம்மா," என்றான். "மொத வெட்டுதான் கஷ்டம். அடுத்த வருஷம் ரெண்டு மடங்கா வரும். உனக்கும் நல்லதுதான்."

சில்லென்ற இரும்பு அவள் கணுக்காலைக் கவ்வியது. அவன் குனிந்து அளவைப் பார்த்தான். உதடு சத்தமில்லாமல் ஒரு எண்ணைச் சொல்லிக்கொண்டது. பிறகு பையிலிருந்து நீல நாடாவை உருவி அவள் கணுக்காலைச் சுற்றினான். தோலில் அழுந்தாமல், வளர்வதற்கு இடம் விட்டு, எப்போதும் போடும் அதே முடிச்சு.

கையை உயர்த்தினான். நிறுத்தத்தான் உயர்த்துகிறான் என்று அவள் நினைத்தாள்.

மஞ்சள் விளக்கு மெல்லத் திரும்பி, இரண்டாவது வரிசைக்கு வந்தது.